சீட்டு எழுதிக் கொடுத்தா கடமை முடிஞ்சுதா?

"பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க." இந்த வார்த்தையைக் கேக்காத கிராமத்துக்காரன் உண்டா? எந்த ஆஸ்பத்திரி, அங்க யாரைப் பார்க்கணும், இடம் இருக்கா? பதில் கிடையாது. கையில ஒரு சீட்டு, அதுல ரெண்டு வரி கிறுக்கல்.

போன ஐப்பசியில பக்கத்துக் காட்டு அண்ணனை ராத்திரி மோட்டார் போடப் போன இடத்துல கண்ணாடி விரியன் கடிச்சிருச்சு. (மும்முனை கரண்ட்டை நடுராத்திரியில விட்டா விவசாயி பாம்பை மிதிக்காம என்ன செய்வான்? அதுக்குத் தனிப் பதிவு போடணும்.) அரை மணி நேரத்துல பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போயிட்டோம். போனதும் சீட்டு வந்துருச்சு, வண்டி மட்டும் வரலை. "நீங்களே ஏதாவது பாத்துக்கங்க"ன்னுட்டாங்க. வாடகை வேன்ல போய் இறங்குனா, எத்தனை மணிக்குக் கடிச்சது, என்ன ஊசி போட்டாங்கன்னு அங்க முதல்ல இருந்து விசாரணை. சீட்டுல ஒண்ணும் இல்ல. அண்ணி அழுதுகிட்டே பதில் சொன்னாங்க. ஆள் பிழைச்சிட்டார், மூணு வாரம் டயாலிசிஸ் பண்ணி.

அனுப்பவே கூடாதுன்னு நான் சொல்லலை. கட்டுவிரியன் கடிச்சா மூச்சு நின்னுபோகும். கண்ணாடி விரியன் கடிச்சா ரத்தம் உறையாது, கிட்னி கெடும். வென்டிலேட்டரும் டயாலிசிஸும் சின்ன ஆஸ்பத்திரியில இருக்காது. ஆனா சுத்தமான கண்ணாடிக் குழாய்ல கொஞ்சம் ரத்தத்தை எடுத்து 20 நிமிசம் ஆட்டாம வச்சுப் பார்க்க என்ன செலவு? உறையலைன்னா விஷம் ஏறியிருக்கு. விஷமுறிவு மருந்தை அங்கயே ஆரம்பிச்சிட்டுத்தான் அனுப்பணும். 1978ல ஆரம்பிச்ச வடநெம்மேலி இருளர் கூட்டுறவு சங்கத்துக்காரங்க உயிரைப் பணயம் வச்சு விஷம் எடுத்துக் கொடுக்கிறது, மருந்து அலமாரியில தூங்குறதுக்கா?

108 வண்டி 2008ல இருந்து ஓடுது. ரோட்டுல அடிபட்டவங்களுக்கு மட்டும் இல்ல, ஒரு ஆஸ்பத்திரியில இருந்து இன்னொண்ணுக்கு மாத்துறதுக்கும் அது வரும், காசு கிடையாது. கூப்பிட வேண்டியது ஆஸ்பத்திரி. பதறிப்போய் நிக்கிற பொண்டாட்டி பிள்ளைங்க இல்ல.

எங்க பால் சொசைட்டியில இருந்து போற பாலுக்குக்கூட எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவுன்னு எழுதித்தான் அனுப்புறோம். மனுசனுக்கு அந்த மரியாதையாவது வேண்டாமா?

"ராத்திரியில ஒரே டாக்டர், ரெண்டு நர்ஸ், அவங்க என்னதான் பண்ணுவாங்க?"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். அவங்க மேல எனக்குக் கோபம் பாதிதான். செத்தா இங்க சாகக்கூடாதுங்கிற பயம் அவங்களுக்கு இருக்கு. அந்தப் பயத்தை உண்டாக்குனதுல ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைக்கிற நம்மாளுங்களுக்கும் பங்கு உண்டு. ஆனா மேல இருக்கிற டாக்டருக்கு ஒரு போன் போட மூணு நிமிசம் ஆகுமா? கூடுதல் ஆள் போடாத அரசாங்கம், இந்தப் போனையாவது கட்டாயமாக்கலாம்ல? போன்ல பேசுன டாக்டர் பேரு, கொடுத்த மருந்து, கொடுத்த நேரம், இது மூணும் இல்லாத சீட்டு செல்லாதுன்னு ஒரு உத்தரவு போட எத்தனை கோடி வேணும்?

வர்ற ஆகஸ்ட் 15 கிராம சபையில இதைத் தீர்மானமா எழுதிக் கொடுக்கப் போறேன். நம்ம ஊர்க்காரங்க கொடியேத்துனதும் மிட்டாயை வாங்கிட்டு நழுவிராம, கையெழுத்துப் போடுற வரைக்கும் உக்காருங்க.