கையெழுத்தை விற்காதீர்கள்! கடையைத் திறந்து விடுங்கள்!

கல்லூரி விடுமுறை தொடங்கியதும் நம் ஊர்க் கடைத்தெருக்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். மாணவன் ஒருவன் சொந்தக்காரர் கடைக்கு வருகிறான். "மாமு, உங்க லெட்டர்பேடுல இன்டர்ன்ஷிப் செஞ்சதா ஒரு சர்டிபிகேட் வேணும். காலேஜ்ல கேக்குறாங்க" என்கிறான். மாமுவும் என்ன ஏதென்று கேட்பதில்லை. கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்து விடுகிறார். பிள்ளைக்கு உதவிய திருப்தி அவருக்கு! வேலை செய்யாமலே காரியம் முடிந்த சந்தோஷம் இவனுக்கு!

வணிகப் பெருமக்களே! எடைக்கல்லில் ஒரு கிராம் குறைந்தாலும் பதறிப் போகிறவர்கள் நீங்கள். செய்யாத வேலையைச் செய்ததாக எழுதிக் கொடுப்பது மட்டும் எந்தத் தராசில் நியாயம்?

இளைஞர்களே! நீங்கள் ஏமாற்றியது கல்லூரியை அல்ல. உங்களைத்தான்! எப்படி என்று பாருங்கள்.

கிரெடிட் என்பது என்ன?

கிரெடிட் என்பது உழைத்த நேரத்தை அளக்கும் அலகு. யு.ஜி.சி. 2022 இல் வெளியிட்ட சட்டகத்தின்படி மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு 120 கிரெடிட் வேண்டும். இன்டர்ன்ஷிப்பில் 30 மணி நேரம் பணியாற்றினால் ஒரு கிரெடிட் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நான்கு கிரெடிட் பெற 120 மணி நேரம். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் என்றால் இருபதே நாட்கள்!

மூன்று ஆண்டுகளில் இருபது நாட்கள் வகுப்பறைக்கு வெளியே வந்து தொழிலைக் கற்றுக்கொள் என்கிறார்கள். அந்த இருபது நாட்களையும் தூங்கிக் கழித்துவிட்டு ஒரு காகிதத்தை நீட்டினால் நாளை என்ன நடக்கும்? வேலைக்கான நேர்முகத் தேர்வில், "அங்கே என்ன செய்தீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். மாமுவின் முத்திரை அங்கே வந்து பதில் சொல்லுமா?

இன்னொரு கூட்டமும் கிளம்பியிருக்கிறது. பணம் கட்டினால் வீட்டிலிருந்தபடியே இன்டர்ன்ஷிப், கையோடு சான்றிதழ் என்று வலை விரிக்கிறார்கள். உழைப்பவனுக்குக் கூலி கொடுப்பதுதான் உலக வழக்கம். உழைக்க வருகிறவனிடமே காசு கேட்பவன் நடத்துவது பயிற்சியா, வியாபாரமா? சிந்தியுங்கள்! ஏ.ஐ.சி.டி.இ. தனியாக ஓர் இன்டர்ன்ஷிப் இணையதளமே நடத்துகிறது. அதை விட்டுவிட்டு ஏன் ஏமாற வேண்டும்?

மாணவர்கள் செய்ய வேண்டியவை

முதலில் உங்கள் கல்லூரியின் விதியைப் படியுங்கள். தமிழகத்தில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு விதி. தன்னாட்சிக் கல்லூரிகளுக்குத் தனி விதி. எந்த செமஸ்டரில், எத்தனை மணி நேரம், எத்தனை கிரெடிட் என்பதைத் துறைத் தலைவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். பக்கத்துக் கல்லூரி நண்பன் சொன்னதை நம்பிப் போகாதீர்கள்.

பணியில் சேருமுன் கல்லூரியின் அனுமதியைப் பெறுங்கள். செய்து முடித்த பிறகு கொண்டு போய்க் கொடுத்தால், "யாரைக் கேட்டுப் போனாய்?" என்று திருப்பி அனுப்பிவிட இடமுண்டு. உழைப்பும் போய், கிரெடிட்டும் போகும்.

நிறுவனத்திடம் கடிதம் வாங்குங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன வேலை, யார் பொறுப்பாளர், உதவித்தொகை உண்டா இல்லையா? எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

தினமும் நாட்குறிப்பு எழுதுங்கள். வாரம் ஒருமுறை பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். கடைசியில் அறிக்கை எழுதவும், வாய்மொழித் தேர்வில் பதில் சொல்லவும் அதுதான் கைகொடுக்கும். மதிப்பெண் பட்டியல் வந்ததும் அந்த கிரெடிட் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்கே கேளுங்கள்!

வணிகர்களே, உங்களிடம் ஒரு கேள்வி!

"இன்டர்ன்ஷிப் எல்லாம் பெரிய கம்பெனி சமாச்சாரம். நம்ம கடையில என்ன இருக்கு?" என்கிறீர்கள். இது அறியாமை! யு.ஜி.சி. தன் வழிகாட்டு நெறிகளில் பயிற்சிக்கு ஏற்ற துறைகளைப் பட்டியலிட்டிருக்கிறது. வணிகமும் சிறு, நடுத்தரத் தொழில்களும் சில்லறை வியாபாரமும் அதில் இருக்கின்றன.

பி.காம் மாணவன் ஜி.எஸ்.டி.யைப் புத்தகத்தில் படித்திருப்பான். சரக்கு லாரியில் ஏறும்போது இ-வே பில் எடுத்திருக்க மாட்டான். கொள்முதல் விலையில் எதையெல்லாம் சேர்த்து விற்பனை விலை போடுவது, கடன் கொடுத்த பணத்தை எப்படி வசூலிப்பது, தேங்கிய சரக்கை எப்படித் தள்ளுவது? இவையெல்லாம் உங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றால்தான் தெரியும். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஆலைகளின் கழிவுநீர் பற்றி 1996 இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் இருபது நாட்கள் நிற்கும் வேதியியல் மாணவி கற்பதை எந்த ஆய்வுக்கூடம் கற்றுக் கொடுக்கும்?

"தொழில் ரகசியம் வெளியே போய்விடும்" என்று சிலர் பயப்படுகிறார்கள். இருபது நாட்களில் திருடிக்கொண்டு போகிற அளவுக்குத்தான் உங்கள் தொழில் இருக்கிறதா? வேறு சிலரோ பயிற்சிக்கு வந்தவனை டீ வாங்கவும் மூட்டை தூக்கவும் அனுப்புகிறார்கள். சம்பளமில்லாத ஆள் கிடைத்தான் என்ற நினைப்பு! இது பயிற்சி அல்ல, சுரண்டல்! பஸ் கட்டணமும் சாப்பாடுமாவது கொடுங்கள். ஒரு மூத்த ஊழியரைப் பொறுப்பாளராகப் போடுங்கள். ஒரு முழு வேலையை அவனிடம் ஒப்படையுங்கள்.

எல்லா வீட்டுப் பிள்ளைகளும் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய் அறை எடுத்துத் தங்க முடியுமா? வாடகைக்கு வழியில்லாத வீடு இருக்கிறது. பெண் பிள்ளையை வெளியூர் அனுப்பத் தயங்கும் வீடு இருக்கிறது. உள்ளூரில் கதவு திறக்கவில்லையென்றால் இந்தப் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது பொய்ச் சான்றிதழ் மட்டுமே! அந்தப் பொய்யில் கதவைச் சாத்திய உங்களுக்கும் பங்கில்லையா?

நம் முன்னோர் என்ன செய்தார்கள்? 1919 இல் வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி எழுந்தது. 1951 இல் திருச்சியில் எழுந்த கல்லூரி ஜமால் முகமது சாஹிபின் பெயரையும், 1965 இல் மேல்விஷாரத்தில் எழுந்த கல்லூரி சி. அப்துல் ஹக்கீம் சாஹிபின் பெயரையும் தாங்கி நிற்கின்றன. இருவரும் யார்? தோல் வணிகர்கள்! வியாபாரத்தில் சம்பாதித்ததைக் கல்விக்குக் கொட்டிய பரம்பரை இது. அவர்கள் கல்லூரியையே கட்டினார்கள். உங்களிடம் கேட்பது கட்டடமல்ல, பணமல்ல. உங்கள் கடையில் இருபது நாட்கள் நிற்க ஓர் இடம்!

வரும் விடுமுறைக்கு முன் ஒவ்வோர் ஊரிலும் வணிகர்கள் கூடிப் பேசுங்கள். எந்தக் கடையில் எத்தனை பேருக்கு இடம், என்ன வேலை என்று ஒரு பட்டியல் போடுங்கள். அதைப் பக்கத்துக் கல்லூரி முதல்வரிடம் நேரில் கொண்டு போய்க் கொடுங்கள்.

இனி உங்கள் கடைக்கு ஒரு பிள்ளை வந்து, "மாமு, ஒரு சர்டிபிகேட்" என்று கேட்டால் பேனாவை எடுக்காதீர்கள். "நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வா தம்பி, வேலை இருக்கு" என்று சொல்லுங்கள். அதுதான் அவனுக்கு நீங்கள் செய்யும் உண்மையான உதவி!