பாதி செத்த கார்டு

முழுசாகச் செத்துப்போன நெட்வொர்க் கார்டு மேல் எனக்குக் கோபமே கிடையாது. விளக்கு எரியாது, கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்றை மாட்டினால் தீர்ந்தது. என் உயிரை வாங்குவது பாதி உயிரோடு இருக்கிற கார்டுதான். காலையில் ஓடும், மதியமும் ஓடும். சாயங்காலம் கம்பி ஏற்றிய லாரி எடைமேடையில் வந்து நிற்கும் நேரம் பார்த்துக் கழுத்தறுக்கும்.

நான் கணினி பார்த்துக்கொடுக்கும் ரோலிங் மில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கிறது. ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் தாண்டினால் 2018 ஏப்ரல் 1 முதல் ஈ-வே பில் கட்டாயம். பில் போட நெட் வேண்டும். அந்த நெட் ஆபீஸ் மூலையில் கிடக்கும் ஒரு பழைய கணினி வழியாகத்தான் வருகிறது. அதில் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம், செருகியிருப்பது ரியல்டெக் கார்டு. "என்னா சார், ஆரம்பாக்கம் தாண்டறதுக்குள்ள விடிஞ்சிடும் போல" என்று டிரைவர் வாசலில் வந்து நிற்பார். திரையில் ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும்: ஆர்ஈ0, வாட்ச்டாக் டைம்அவுட். அனுப்பச் சொல்லிக் கொடுத்த பாக்கெட்டை அனுப்பிவிட்டேன் என்று கார்டு பதில் சொல்லவில்லை, காத்திருந்து அலுத்துப்போன டிரைவர் மென்பொருள் அதை ரீசெட் செய்கிறது என்று அர்த்தம்.

இதை யாரிடம் சொல்வது? மேனேஜருக்கு ஒரே தீர்ப்பு: "லினக்ஸ்னாலே இப்படித்தான்பா." அது லினக்ஸே இல்லை என்று விளக்கப் போனால் இன்னும் கோபப்படுவார். ஃபைபர்காரர் தன் ரவுட்டர் வரைக்கும் பிங் அடித்துப் பார்த்துவிட்டு, "எங்க சைடு ஓகே சார்" என்று பைக்கைக் கிளப்பிவிடுவார். எலக்ட்ரீஷியன் ஃபர்னஸைக் கைகாட்டுவார். அவர் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. கரண்ட் கேபிளோடு சேர்த்துக் கட்டிய நெட்வொர்க் ஒயர் எத்தனையோ மில்லில் வேலையைக் கெடுத்திருக்கிறது. ஆனால் ஒயர் கெட்டிருந்தால் நெட்ஸ்டாட் காட்டும் பிழைக் கணக்கு ஏறும். இங்கே அது பூஜ்யத்தை விட்டு அசையவில்லை, டைம்அவுட் மட்டும் ஏறுகிறது. அப்படியானால் குற்றவாளி கார்டு, இல்லையென்றால் அதன் டிரைவர்.

செக்சம், டிஎஸ்ஓ என்று கார்டிடம் ஒப்படைத்திருந்த வேலைகளையெல்லாம் பிடுங்கிப் பிராசஸரிடமே கொடுத்தேன். கொஞ்சம் அடங்கியது. ரியல்டெக் கம்பெனியின் சொந்த டிரைவரை ஏற்றினேன். இன்னும் கொஞ்சம் அடங்கியது. ஆனால் கெர்னலைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அந்த டிரைவரையும் மறுபடி கட்ட வேண்டியிருக்கிறது.

ரியல்டெக்கின் பழைய 8139 சிப்புக்கு ஃப்ரீபிஎஸ்டி டிரைவர் எழுதிய பில் பால், அந்தச் சிப்பை மலிவுச் சரக்கின் உச்சம் என்கிற ரீதியில் நிரல் குறிப்பிலேயே திட்டித் தீர்த்திருக்கிறார். வருகிற பாக்கெட்டை ஒவ்வொன்றாகப் பிராசஸர் நகல் எடுக்க வேண்டியிருந்த கடுப்பு அவருக்கு. பின்னால் வந்த சிப்புகள் எவ்வளவோ தேவலை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்டெல் மட்டும் என்ன யோக்கியமா? 2008-இல் லினக்ஸ் 2.6.27-இன் சோதனைப் பதிப்புகள் இன்டெல் கார்டுகளின் நினைவகத்தையே அழித்துக் கார்டைச் செங்கல்லாக்கின. 2013-இல் கிறிஸ்டியன் கீல்ஹோஃப்னர் என்ற பொறியாளர், குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட ஒரு பைட் உள்ள பாக்கெட் வந்தால் இன்டெல் 82574எல் கார்டு செத்துவிழுவதைக் கண்டுபிடித்தார். மின்சாரத்தைத் துண்டித்தால்தான் அது எழுந்தது. மதர்போர்டு தயாரித்தவர் பதித்த தவறான அமைப்புதான் காரணம் என்றது இன்டெல். ஆனாலும் பழைய சர்வரிலிருந்து கழற்றிய நல்ல இன்டெல் கார்டு சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கிறது. அதைத்தான் வாங்கித் தரச் சொல்கிறேன். கோடிக்கணக்கில் ஃபர்னஸ் போட்ட முதலாளி, "இப்ப ஓடுதுல்ல, ஓடட்டும்" என்கிறார்.

இதில் எனக்குப் பெரிய எதிரி ரீஸ்டார்ட். கணினியை அணைத்தாலும் பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை கார்டு அரைத்தூக்கத்தில்தான் கிடக்கும். அதனால் மில்காரர்கள் பிளக்கையே பிடுங்கிச் செருகக் கற்றுக்கொண்டார்கள். உடனே சரியாகிவிடுகிறது. அதோடு திரையில் இருந்ததும், எண்ணிக்கைகளும் போய்விடுகின்றன. நான் ரயிலேறி வந்து சேரும்போது கார்டு ஒன்றுமே தெரியாதது மாதிரி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. "நீ வந்தா மட்டும் நல்லா ஓடுதேப்பா" என்கிறார் மேனேஜர்.

ஐயா, கார்டு வாங்கித் தராவிட்டாலும் போகட்டும். பிளக்கைப் பிடுங்குவதற்கு முன்னால் அந்தத் திரையை ஒரு போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.