கைதட்டத் தெரியாத ஊரில் கபடி

பொங்கல் நெருங்கினால் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் கபடி நோட்டீஸ்கள் ஒட்ட ஆரம்பித்துவிடும். ஜனவரி 15 அன்று லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக் பிறந்த நாளுக்கு மாலை விழும். அதே வாரத்தில் கூடலூரிலிருந்து சின்னமனூர் வரை ஊருக்கு ஊர் களம் தயாராகும். ரொக்கப் பரிசும் நுழைவுக் கட்டணமும் ஊருக்கு ஊர் மாறும். நோட்டீஸின் கடைசி வரி மட்டும் மாறாது: "நடுவரின் தீர்ப்பே இறுதியானது."

அந்த வரி உண்மைதானா என்பதுதான் என் கேள்வி.

2025 மார்ச் 10. தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் அருகே, பதினொன்றாம் வகுப்புத் தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த தலித் மாணவனை மூன்று பேர் பேருந்தை மறித்து வெட்டினார்கள். கைவிரல்கள் துண்டாகின. திருநெல்வேலி அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து அவற்றை ஒட்டவைத்தார்கள். கபடிப் போட்டியில் அவனுடைய அணியிடம் ஆதிக்க சாதி அணி தோற்றதுதான் காரணம் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். பிடிபட்டவர்களும் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்று செய்திகள் வந்தன. நடுவர் எப்போதோ விசில் ஊதி முடித்துவிட்ட ஆட்டத்துக்கு அரிவாளில் மேல்முறையீடு நடந்தது.

இதற்கு நேர்மாறான இன்னொரு நாளையும் பாருங்கள். 2021 ஆகஸ்ட், டோக்கியோ ஒலிம்பிக். மகளிர் ஹாக்கி அரையிறுதியில் இந்தியா அர்ஜென்டினாவிடம் தோற்றது. நாடே வருந்திய அந்த மாலையில், ஹரித்வார் பக்கம் ரோஷ்னாபாத்தில் வீராங்கனை வந்தனா கட்டாரியாவின் வீட்டு முன்னால் ஆதிக்க சாதியைச் சேர்ந்த சிலர் பட்டாசு வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகச் சேர்ந்துவிட்டதால்தான் இந்தியா தோற்றது என்று கத்தினார்கள் என அவருடைய குடும்பம் போலீசில் புகார் கொடுத்தது. அதற்குச் சில நாட்கள் முன்புதான் வந்தனா தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டிருந்தார். ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் அவர்.

ஜெயித்தால் வெட்டு. தோற்றால் வேட்டு. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் விளையாட்டு உணர்வு பற்றி நாம் பேச வேண்டும்.

பரிசளிப்பு விழாக்களில் "வெற்றி தோல்வியைச் சமமாக எடுத்துக்கொள்ள வேண்டும்" என்று மைக்கில் சொல்லாத சிறப்பு விருந்தினர் கிடையாது. கீழே நிற்கும் பதினாறு வயதுப் பையன்களுக்குச் சொல்லப்படும் புத்திமதி அது. பையனின் கோபத்தை அவனுடைய தனிப்பட்ட குணக்கேடாகப் பார்க்கிற புத்திமதி. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. விளையாட்டு உணர்வு என்பதன் அடிப்படை, எதிரணிக்காரன் நம்மைவிட நன்றாக ஆடினான் என்று ஒப்புக்கொண்டு கைதட்டுவது. 1936-இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் சுட்டிக்காட்டுவது கிட்டத்தட்ட இதையேதான். திறமையைப் பாராட்டும் மனத்தைச் சாதி கொன்றுவிட்டது, திறமைசாலி சொந்தச் சாதிக்காரனாக இருந்தால்தான் இங்கே பாராட்டு வரும் என்கிறார். சொந்தச் சாதிக்கு மட்டும் கைதட்டப் பழகிய ஊர், தன் பிள்ளைகள் மட்டும் மைதானத்தில் வேறு மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. எப்படி நடக்கும்?

ஓர் அணியின் பெயர் எப்படி ஒரு சாதியின் மானமாக மாறுகிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். நம் ஊர் அணிகள் பெரும்பாலும் தெரு அணிகள். இங்கே தெரு என்றாலே சாதிதான். ஜெர்சிக்குக் காசு கொடுப்பவர் தெருவின் பெரிய மனிதர். ஜெர்சியின் முதுகில் அந்தச் சாதியின் தலைவர் படம், பேனரில் சாதிக் கொடியின் நிறம். பெரியவர்கள் தங்கள் கௌரவத்தை ஏழு பையன்களின் தோளில் ஏற்றிவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். அணி தோற்று வந்தால், ஜெயித்தது சொந்தச் சாதிக்காரர்கள் உள்ள பக்கத்து ஊர் என்றால், "எத்தன பாயிண்ட்டுல போச்சு?" என்று கேட்பார்கள். ஜெயித்தது காலனி அணி என்றால் கேள்வியே வேறு: "அவய்ங்ககிட்டயாடா தோத்துட்டு வந்து நிக்கிறீங்க?"

அரிவாளுக்குப் பிடி போடுவது இந்தக் கேள்விதான். கேட்டவர் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுவார். கேட்கப்பட்ட பையன் தூங்க மாட்டான். கடைசியில் கூர்நோக்கு இல்லத்துக்குப் போவதும் அவன்தான். வெட்டுப்பட்டவன் நம் பிள்ளை. வெட்டியவனும் ஒரு பிள்ளைதான் என்பதை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. அவன் கையில் அரிவாளைக் கொடுத்த கௌரவம் அவன் சம்பாதித்தது அல்ல, அவனுக்குப் பெரியவர்கள் எழுதி வைத்த சொத்து.

காலனி அணிகளுக்கு வேறொரு பெயர் காத்திருக்கிறது. அவர்கள் ஆடும் முன்பே அது ஒட்டப்பட்டுவிடும். "காலனிப் பசங்க வந்தா சண்டை வரும்." விடியும் முன் தாய்மார்கள் ஜீப்பில் நெருக்கியடித்துக் குமுளி மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற வீடுகளின் பிள்ளைகள் இவர்கள். அந்தக் கூலியில் நுழைவுக் கட்டணம் சேர்த்துக்கொண்டு போனால் "என்ட்ரி முடிஞ்சிருச்சு தம்பி" என்பார்கள். களப்பணியில் இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. ஆட விட்டாலும், அதே கணுக்கால் பிடியை மேலத்தெருப் பையன் போட்டால் "நல்ல பிடி", நம் பையன் போட்டால் "முரட்டு ஆட்டம்". எதிரணி விதியை மீறியதைக் காலனிப் பையன் நடுவரிடம் சுட்டிக்காட்டினால், விளையாட்டு உணர்வு இல்லாதவன் என்று அவனுக்குப் பட்டம் வேறு.

பொது இடங்களிலும் பொதுக் கேளிக்கை இடங்களிலும் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15(2) பிரிவு சொல்கிறது. அப்படித் தடுத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட முடியும். ஆனால் "என்ட்ரி முடிஞ்சிருச்சு" என்ற வார்த்தையில் சாதி எங்கே இருக்கிறது என்று போலீஸ் கேட்கும். இன்றைய தீண்டாமை அப்படிச் சத்தமில்லாத வார்த்தைகளில்தான் பேசுகிறது.

இது நேற்று ஆரம்பித்ததும் அல்ல. 1890-களில் புனேயில் பல்வங்கர் பாலு என்ற தலித் பந்துவீச்சாளர் இருந்தார். வெள்ளைக்காரர்களைக் கிரிக்கெட்டில் ஜெயிக்க அங்கிருந்த சாதி இந்துக்களுக்கு அவருடைய பந்து தேவைப்பட்டது. களத்தில் அவர் தொட்ட பந்தை அவர்களும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவரை வெளியே நிறுத்தி, தனி மண்குவளையில் தேநீர் கொடுத்தார்கள். 1911-இல் இங்கிலாந்து போய் விக்கெட்டுகளைக் குவித்துத் திரும்பியவருக்கு, கடைசிவரை இந்துக்கள் அணியின் தலைமை கிடைக்கவில்லை. சகோதரர்கள் எதிர்த்து நின்ற பிறகு, 1923-இல் அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது. அணியின் பெயரை உயர்த்தத் தலித் வேண்டும், அந்தப் பெயருக்குச் சொந்தக்காரனாகத் தலித் வரக் கூடாது. நூறு வருடம் கழித்தும் பல ஊர்களில் கணக்கு இதுதான்.

யோசித்துப் பார்த்தால் கபடியைப்போலச் சாதிக்கு எதிரான விளையாட்டு வேறில்லை. தொட்டால்தான் புள்ளி. பிடிப்பவன் கட்டிப் பிடித்தே ஆக வேண்டும். வியர்வையும் புழுதியும் கலந்துதான் ஆட்டம். வெளியே போனவன், தன் அணிக்காரன் ஒருவன் புள்ளி எடுத்தால் மறுபடி உள்ளே வருகிறான். இப்படி ஒரு ஆட்டத்தையே தெருத் தெருவாகப் பிரித்து ஆடவைத்திருக்கிறோம் என்றால் நம் ஊரின் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது?

பெயரை மாற்றிக் காட்டியவர்களும் உண்டு. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் பெற்ற கணேசன், தூத்துக்குடி மாவட்டத்தின் மணத்தி என்ற சிற்றூரைத் தன் பெயருக்கு முன்னால் சுமந்தார். மாரி செல்வராஜின் 'பைசன்' படத்துக்கு அவர் வாழ்க்கைதான் தூண்டுதல். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற மகளிர் கபடி அணியில் இருந்த கார்த்திகா, சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்தவர். நகரத்தின் குடிசைப் பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் கொண்டுபோய்க் குவித்த இடம் அது. வேலைக்குப் போனால் முகவரியை மாற்றிச் சொல்லும் நிலைக்கு அந்தப் பெயரைக் கெடுத்து வைத்திருந்தார்கள். இன்று அந்தப் பெண்ணைத் தமிழ்நாடு 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றே அழைக்கிறது. அணியின் பெயர் ஊரை உயர்த்துவது இப்படித்தான். யாரையும் தாழ்த்தாமல், யார் விரலையும் எடுக்காமல்.

நம் அணிகளுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அம்பேத்கர் படம் போட்ட ஜெர்சியையும் சாதிப் பெருமை பேசும் ஜெர்சியையும் ஒரே தராசில் வைக்க நான் தயாரில்லை. அவர் எந்தச் சாதியையும் உயர்த்தியவர் அல்ல, சாதியையே ஒழிக்கச் சொன்னவர். அதனால்தான் கேட்கிறேன். அந்தப் படம் போட்ட நம் அணிகளில் எத்தனையில் அருந்ததியர் பையன் ஆடுகிறான்? நம் காலனியில் பெண் பிள்ளைகளுக்கு மாலை ஐந்து மணிக்கு மேல் களத்தில் இடம் உண்டா? ஜெயித்ததைக் கொண்டாட நமக்கு முழு உரிமை உண்டு, அதை யாரும் பறிக்க முடியாது. ஆனால் தோற்ற பையனின் முகத்தை ரீல்ஸ் போட்டுக் கேலி செய்வதைக் கொண்டாட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். நாளைக்கு அதே பேருந்தில்தான் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

என்ன செய்யலாம்? 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவனும் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் சாதி நிறக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும், பள்ளி மைதானங்களைச் சாதி, மத நோக்கங்களுக்கு விடக் கூடாது என்றெல்லாம் அதில் உண்டு. மணிக்கட்டுக் கயிற்றைப் பார்த்த கண், முதுகில் இருக்கும் ஜெர்சியையும் பார்க்க வேண்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் ஆடும் எந்தப் போட்டியிலும் ஜெர்சியில் ஊர் பெயரும் எண்ணும் மட்டும் இருக்கட்டும். "அப்படியென்றால் அம்பேத்கர் படத்தையும் எடுக்கச் சொல்வார்களே" என்று தோழர்கள் கேட்பார்கள். எடுப்போம். அவரை முதுகில் ஒட்டுவதைவிட, அருந்ததியர் பையனையும் மேலத்தெருப் பையனையும் ஒரே அணியில் சேர்ப்பது அவருக்குச் செய்யும் பெரிய மரியாதை.

அடுத்தது, தெரு அணிகளை ஊர் அணிகளாக மாற்றுவது. முதலமைச்சர் கோப்பை, குடியரசு தினப் போட்டிகளில் பள்ளி அணியாக எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்துதானே ஆடுகிறார்கள்? பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவரால் முடிவது ஊரில் முடியாதா? நடுவர்கள் வெளியூர்க்காரர்களாக, முறையாகப் பயிற்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும். அனுமதி கொடுக்கும் காவல்துறை, விழாக் குழுவினரின் பெயர்களை வாங்கி வைத்துக்கொண்டு, எந்த அணியையாவது மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுக்கச் சொல்ல வேண்டும். போட்டி கோப்பையோடு முடிவதில்லை, கடைசிப் பையன் பத்திரமாக வீடு சேரும்போதுதான் முடிகிறது. அதுவரை குழுதான் பொறுப்பு.

எல்லாவற்றுக்கும் மேலாக, தாக்குதல் நடந்தால் "பசங்க விளையாட்டுச் சண்டை, பேசி முடிச்சுக்கலாம்" என்று பஞ்சாயத்து வைப்பதை நிறுத்த வேண்டும். விளையாட்டுச் சண்டை களத்தில் ஆரம்பித்துக் களத்திலேயே முடியும். வீட்டுக்குப் போய், யோசித்து, ஆயுதம் எடுத்துக்கொண்டு, பேருந்து வரும் நேரம் பார்த்துக் காத்திருப்பதற்குப் பெயர் வன்கொடுமை. அதை அந்தப் பெயரிலேயே பதிவு செய்ய வேண்டும்.

பையன்களுக்குப் புத்திமதி சொல்ல மைக்கைப் பிடிக்கும் பெரியவர்களிடம் கேட்பது ஒன்றுதான். இந்தப் பொங்கலுக்கு ஒரு காலனிப் பையன் ஏறிப் பாடி, நாலு பேரைத் தொட்டுவிட்டு மூச்சு விடாமல் கோட்டுக்குத் திரும்பும்போது, நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டுங்கள். பக்கத்தில் நிற்கும் உங்கள் பேரன் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்வான்.