முப்பது வருஷ மரமும் ஒரு வருஷ பட்ஜெட்டும்

வருஷந்தோறும் நாட்டின் வரவு செலவுத் திட்டம் வெளியாகும் நாளில் நாம் எதைப் பார்க்கிறோம்? அரிசி, சீனி விலை ஏறுமா, சம்பளப் பிடித்தம் கூடுமா, தமிழ்ப் பள்ளிகளுக்கு என்ன கிடைக்கும் என்று பார்க்கிறோம். பல்கலைக் கழகங்களுக்கு எவ்வளவு என்ற வரி வந்ததும் கண் தானாகவே தாண்டிவிடுகிறது. மகனோ மகளோ அங்கே படித்தாலொழிய அது நமக்குச் சம்பந்தமில்லாத சங்கதி என்று நினைக்கிறோம். அந்த நினைப்புத் தவறு. விவசாயத்தைக் கற்பிக்கும் துறைகளில் பணம் குறைந்தால், அந்தக் குறைச்சல் சில வருஷம் கழித்து வந்து சேருகிற இடம் நம்முடைய வெட்டு நிரைதான்.

கணக்கைச் சொல்லிவிடுவோம். நாட்டின் 20 பொதுப் பல்கலைக் கழகங்களின் நடைமுறைச் செலவுக்காக 2016இல் ஒதுக்கப்பட்ட தொகை சுமார் 757 கோடி வெள்ளி. 2017இல் அது 612 கோடியாக இறங்கியது. ஒரே வருஷத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. அதற்கு முன்னரே, 2015இல் வெளியான உயர்கல்விப் பெருந்திட்டம், பல்கலைக் கழகங்களின் செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை அரசாங்கமே சுமக்கிறது, இனி அவை தங்கள் வருமானத்தைத் தாங்களே தேடிக்கொள்ளப் பழக வேண்டும் என்று சொல்லியிருந்தது. சட்டக் கல்லூரியோ வணிகக் கல்லூரியோ மாலை வகுப்பு நடத்திப் பணம் தேடலாம். கன்று நட்டுப் பால் வரக் காத்திருக்கும் துறை எதை விற்கும்?

செலவைக் குறை என்று மேலிருந்து உத்தரவு வந்தால் என்ன நடக்கும் என்பதை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆபீசில் உட்கார்ந்து எஸ்டிமேட் எழுதிய எந்தக் கிராணிக்கும் அது தெரியும். ரப்பர் விலை விழுந்த ஒரு வருஷம், பெயர் வேண்டாம், ஒரு தோட்டத்தில் மானேஜர் நம்மைக் கூப்பிட்டு எஸ்டிமேட்டைக் குறைக்கச் சொன்னார். கூலியில் கை வைக்க முடியாது, ஒப்பந்தம் இருக்கிறது. புகைக் கூண்டுக்கு விறகு இல்லாமல் முடியாது. உரத்தில் கை வைத்தார். பிறகு வடிகால் வெட்டுவதில் வைத்தார். நம் கையால்தான் அந்த எண்களை அடித்து எழுதினோம். அந்த வருஷக் கணக்கு அழகாக வந்தது, அவருக்குப் பெரிய தோட்டத்துக்கு மாற்றலும் கிடைத்தது. மூன்று நான்கு வருஷம் சென்றபின் மரங்கள் மெலிந்து, புதுப்பட்டை சரியாகக் கட்டாமல், பால் குறைந்தது. அப்பொழுது வந்திருந்த புது மானேஜர் பிரட்டுக் களத்தில் நின்று யாரைக் கேட்டார்? பால் வெட்டுகிறவரைத்தான் கேட்டார்: "ஏன் உன் வாளி நிறையவில்லை?"

பல்கலைக் கழகத் துறையிலும் இதே கதைதான். ஓர் ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடம் காலியாகவே கிடக்கும். ஒப்பந்தத்தில் இருந்தவருக்குப் புதுப்பிப்பு வராது. ஆய்வுக்கூடத்தில் யந்திரம் கெட்டால் பழுது பார்க்கப் பணம் அடுத்த வருஷம் என்பார்கள். மாணவர்கள் தோட்டத்துக்குப் போய் மரத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டிய பயணம் சுருங்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் பலியாவது பத்து இருபது வருஷம் நடக்க வேண்டிய வயல் பரீட்சை. அதை நிறுத்தினால் அன்றைக்குச் சத்தம் வராது. நாம் உரத்தை வெட்டியதும் அதே காரணத்தால்தானே!

செர்டாங்கை எடுத்துக்கொள்வோம். 1931இல் அங்கே மலாயா விவசாயப் பள்ளி திறக்கப்பட்டது. மூன்று வருஷ டிப்ளோமா ஒன்று, ஒரு வருஷ சர்டிபிகேட் ஒன்று, அவ்வளவுதான். 1947இல் அது கல்லூரி ஆயிற்று. மலாயாப் பல்கலைக் கழகத்தின் விவசாயப் பிரிவும் அதனுடன் சேர்ந்து 1971இல் விவசாயப் பல்கலைக் கழகம் பிறந்தது. 1997இல் பெயர் மாறி, நாட்டின் முதல் பிரதமர் துங்குவின் பெயரிலுள்ள 'புத்ரா' வந்தது, 'விவசாயம்' என்ற சொல் பலகையிலிருந்து இறங்கியது. துங்குவின் பெயரில் நமக்கு மனக்குறை ஏதுமில்லை. விவசாயப் பீடமும் அங்கே இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் பலகையில் இல்லாத சொல் பட்ஜெட்டில் எத்தனை நாள் நிற்கும் என்ற கவலை தோன்றாமல் இல்லை.

விவசாயத்துக்கு இந்தப் பொறுமை ஏன் வேண்டும்? நம் கத்தி தினமும் தொட்ட மரத்தையே கேட்போம். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற மரவகையை அறியாத வெட்டுத் தொழிலாளி இல்லை. 1925இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில், 1937இல், ஜாவாவின் ஜிர் 1 என்ற மரத்தையும் பி.பி. 86 என்ற மரத்தையும் கையால் மகரந்தம் சேர்த்து உண்டாக்கிய கலப்பு அது. கன்று வளர வேண்டும். ஐந்தாறு வருஷம் கழித்து வாய் திறக்க வேண்டும். பல வருஷம் பாலை நிறுத்துப் பார்க்க வேண்டும். பிறகு வேறு மண்ணில், வேறு மழையில் மறுபடியும் நட்டு மறுபடியும் நிறுக்க வேண்டும். இடையில் யுத்தம் வந்தது. நம் மக்கள் ஆயிரக்கணக்கில் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாமற் போனார்கள். அந்த மரங்கள் நின்றன. யுத்தம் ஓய்ந்தபின் யாரோ மீண்டும் மங்கு கட்டி, பாலை நிறுத்து எழுதினார்கள். பொறுக்காத விதையில் முளைத்த பழைய மரங்கள் ஹெக்டருக்கு வருஷம் 500 கிலோ அளவில்தான் தந்தன. நல்ல ஒட்டுமரங்கள் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு தருகின்றன. தாய்லாந்தின் ரப்பர் தோட்டங்களில் பெரும் பகுதி இன்றும் இந்த 600 தான்.

அந்த ஆராய்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வந்தது? ஏற்றுமதியாகும் ரப்பர் மீது விதித்த செஸ் வரியிலிருந்து. முதலாளி செலுத்தினார் என்று பேரேட்டில் எழுதியிருக்கும். அந்த ரப்பரை விடியுமுன் எழுந்து வெட்டியவர் யார் என்பது பேரேட்டில் இல்லை.

பி.பி. என்பது பிராங் பெசார். அந்தத் தோட்டம் இருந்த மண்ணில்தான் இன்று புத்ராஜெயா எழுந்து நிற்கிறது. அங்கிருந்த தோட்டக் குடும்பங்கள் டெங்கில் பக்கம் குடிபெயர்ந்தன. நாட்டின் பட்ஜெட் எழுதும் நிதி அமைச்சும் புத்ராஜெயாவில்தான் இருக்கிறது. சுங்கை பூலோவில் ஆராய்ச்சிக் கழகத்தின் பரீட்சைத் தோட்டமாயிருந்த ஆயிரக்கணக்கான ஏக்கரும் 2010க்குப் பின் வீடமைப்புக்குப் போயிற்று. ஆராய்ச்சிக் கழகமே 1998இல் ரப்பர் வாரியத்துக்குள் சேர்ந்துவிட்டது. நாடும் மாறியது. 1988இல் 16 லட்சம் டன்னுக்கு மேல் ரப்பர் தந்த நாடு, 2023இல் மூன்றரை லட்சம் டன் அளவில் நின்றது. நம்மில் பலர் இன்று செம்பனையில் குலை வெட்டுகிறோம். அதனால் ரப்பருக்கு இத்தனை கல்வி எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கையுறைத் தொழிற்சாலைக்கு வெளிநாட்டிலிருந்து பால் இறக்குமதியாகிறது என்பதையும், எஞ்சியிருக்கும் ரப்பர் நிலத்தில் பெரும் பகுதி சிறுதோட்டக்காரர் கையில் இருக்கிறது என்பதையும் அவர்கள் மறந்துவிடுகிறார்கள். கம்பெனி சொந்தமாக ஆய்வாளர் வைத்துக்கொள்ளும். ஐந்து ஏக்கர்க்காரருக்குப் பல்கலைக் கழகத்தையும் வாரியத்தையும் விட்டால் வேறு யார்?

பட்ஜெட் சுருங்கிய அதே வருஷங்களில் என்ன வந்தது பாருங்கள். 2016இல் வட சுமத்ராவில் ஒரு புது இலையுதிர் நோய் தலை காட்டியது. 2017இல் நம் நாட்டிலும், 2019இல் தென் தாய்லாந்திலும் காணப்பட்டது. பழைய இலை நோய்கள் பெரும்பாலும் தளிரைத்தான் தாக்கும். இதுவோ முற்றிய இலையிலேயே வட்ட வட்டமாகப் பழுப்புப் புள்ளி வைத்து, ஒரு வருஷத்தில் பலமுறை உதிரச் செய்கிறது. இலை இல்லாத மரம் எதைக் கொண்டு பால் சுரக்கும்? எந்தப் பூஞ்சணம் இது என்பதிலேயே முதலில் குழப்பம் ஏற்பட்டு, பிறகுதான் பெஸ்டலோட்டியோப்சிஸ் என்றார்கள். பூஞ்சணம் அறிந்தவர் ஒருவரை அவசரத்துக்கு ஆறு மாதத்தில் தயாரிக்க முடியாது. அவர் பத்து வருஷத்துக்கு முன்பே மாணவராக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். ரப்பருக்குத் தாயகமான பிரேசிலிலேயே தோட்டப் பயிராக ரப்பர் தழைக்காமல் அடித்தது ஓர் இலை நோய்தான். செம்பனை வெட்டும் தோழர்கள் அடித்தண்டு அழுகி மரம் சாயும் கனோடெர்மாவை அறிவார்கள்.

சரி, அரசாங்கம் தராவிட்டால் கம்பெனிகளிடம் வாங்கிக்கொள்ளட்டுமே என்கிறார்கள். வாங்கட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால் பணம் தருகிறவர்தான் கேள்வியையும் தருகிறார். உரத்துக்குத் தருவார்கள், மருந்துக்குத் தருவார்கள், ஆள் குறைக்கும் யந்திரத்துக்குக் கேட்காமலே தருவார்கள். தாழ்ந்த வெட்டுக்குக் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போகிறதே, உயர்ந்த வெட்டில் கழுத்து பிடிக்கிறதே, இதற்கு ஏற்ற கத்தி என்ன என்ற கேள்விக்கு எந்தக் கம்பெனி காசு தரும்? பாராகுவாட் களைக்கொல்லியை முதுகில் சுமந்து அடித்தவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள். 2002இல் அதற்குத் தடை வந்தது. 2006இல் தடையை எடுத்தார்கள். 2020இல்தான் அது முழுவதுமாக ஒழிந்தது. இப்படிப்பட்ட விவகாரத்தில், விற்பவர் காசை நம்பியிராத ஆய்வுக்கூடம் ஒன்று வேண்டுமா வேண்டாமா?

அரசாங்கப் பணத்தில் நடந்த ஆராய்ச்சி எல்லாம் தொழிலாளிக்குச் சாதகமாகவே இருந்தது என்று சொல்ல நாம் தயாரில்லை. பாலைப் பெருக்கும் எத்ரல் மருந்து 1960களின் கடைசியில் வந்தது. மரத்துக்கு மூன்று நாளைக்கொரு வெட்டு, நான்கு நாளைக்கொரு வெட்டு போதும் என்றாயிற்று. வெட்டு குறைந்தால் ஆளும் குறையும் என்பதற்குக் கணக்கு வாத்தியார் வேண்டாம். பால் கூடியதால் கூலி தானாகக் கூடிவிடவும் இல்லை. அதைச் சங்கம் உட்கார்ந்து பேசித்தான் வாங்கியது. ஆராய்ச்சி யாருக்கு உதவும் என்பது பேச்சு மேஜையில் தீர்மானமாகிற விஷயம். ஆராய்ச்சியே இல்லாமற் போனால் அந்த மேஜையில் பேசப் பொருளும் இருக்காது.

தனி வரி இருந்தால் போதும், பட்ஜெட்டை நம்ப வேண்டாம் என்பாருக்கு அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறோம். ஐயோவா மாநிலப் பல்கலைக் கழகத்தில், நிலத்தையும் நீரையும் கெடுக்காத விவசாயத்தை ஆராய லியோபோல்ட் மையம் என்று ஒன்று 1987இல் ஏற்பட்டது. உரத்தின் மீதும் பூச்சி மருந்தின் மீதும் விதித்த கட்டணத்திலிருந்து அதற்குப் பணம் போயிற்று. முப்பது வருஷம் நடந்தது. 2017இல் சட்டமன்றம் அந்தப் பணத்தை எடுத்துவிட்டது. மையத்தை அடியோடு மூட வேண்டாம் என்று கவர்னர் பெயரை மட்டும் காப்பாற்றினார், காசு திரும்பவில்லை. செல்வம் கொழிக்கும் அந்த நாட்டிலேயே, விவசாய ஆராய்ச்சிக்கான பொதுப் பணம் 2002க்கும் 2019க்கும் இடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. செஸ் வரியும் இப்படித்தான். ஏற்றுமதி குறைந்தால் அதுவும் குறையும், கேட்பாரில்லாவிட்டால் திசை மாறும்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். மரப்பயிர்ப் பரீட்சைகளுக்கு வருஷா வருஷம் பிச்சை கேட்கும் நிலை போக வேண்டும். தொடங்கும்போதே பத்து வருஷப் பணத்தைத் தனியே எடுத்து வைக்க வேண்டும், இடையில் எந்த மந்திரி வந்தாலும் அதைத் தொடக் கூடாது. காலியான பூஞ்சண, மண், பூச்சி ஆய்வு இடங்களை முதலில் நிரப்ப வேண்டும். ஆலோசனை சொல்லக் கம்பெனிக்காரரை அழைக்கும் பீடங்கள், கத்தி பிடித்த கையையும் அழைக்க வேண்டும். ஒரு நாற்காலி போதும்.

நம் பங்குக்கு ஒரு காரியம் உண்டு. ரப்பர்த் தோட்டங்களில் இருக்கும் தோழர்களே, உங்கள் தீம்பாரில் முற்றிய இலை புள்ளி விழுந்து உதிர்வதைக் கண்டால், எந்த மாதம், எத்தனை முறை, எத்தனை நிரை, வாளிப் பாலில் எவ்வளவு குறைந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மரவகை எது, நட்ட வருஷம் எது என்பது தோட்டக் குறிப்பில் இருக்கும். கிராணிமார் அதைப் பார்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும், இதற்கு மானேஜர் அனுமதி தேவையில்லை. கிளைச் செயலாளர் மூலம் இந்த அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள். வந்ததை எல்லாம் சேர்த்துச் செர்டாங்குக்கும் ரப்பர் வாரியத்துக்கும் நாமே கொண்டுபோய்க் கொடுப்போம். அதன் நகல் ஒன்று நிதி அமைச்சுக்கும் போகும்.