இது மரை கழண்ட கேஸ் இல்ல!

கொஞ்சம் கோளாறான ஆளைப் பார்த்தா, "மரை கழண்ட கேஸ்டா"ன்னு பட்டம் கட்டறது நம்ம கேன்டீன் வழக்கம். இந்த வார ஹீரோவுக்கும் ஊர் ஊரா அதே பட்டம்தான். ஆனா பாவம், அவருக்கு மரை கழலவே இல்லை. அவரோட மரையே வேற!

ஆள் யாரு? பழைய பிரெஞ்சு ரோடு சைக்கிள். பெஜோ, ஜிதான், மோட்டோபெகான்னு 1960, 70-களில் வந்த ஒல்லி உடம்புக்காரங்க. ஆட்டுக்கடா கொம்பு மாதிரி வளைஞ்ச ஹேண்டில் பார், சன்ன டயர். 1975-லயும் 1977-லயும் பெர்னார் தெவனே டூர் டி பிரான்ஸ் ஜெயிச்சது பெஜோ டீமுக்காகத்தான்.

அப்படி ஒண்ணு, வெளிநாட்டுச் சித்தப்பா புண்ணியத்துல வாசுதேவநல்லூருக்கு வந்து சேர்ந்திடுச்சுன்னு வச்சுக்குவோம். மேற்கே மலையைப் பார்த்துக்கிட்டே புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி தாண்டிக் குற்றாலம் வரைக்கும் மிதிக்கலாம்னு ஆசை. ஆனா ஒரு பெடல் உடைஞ்சிருக்கு, அச்சு கரகரங்குது. சைக்கிள் கடை அண்ணாச்சி புதுப் பெடலை மாட்டிப் பார்க்கிறார். ரெண்டு சுத்துக்கு மேல நகர மாட்டேங்குது. "தம்பி, லேசா ஒரு தட்டு தட்டி ஏத்திரவா?"

ஸ்டாப்! அந்தத் தட்டுலதான் விஷயமே இருக்கு.

பிரான்ஸ் 1795-லயே மீட்டர் கணக்குக்குச் சட்டம் போட்ட நாடு. இங்கிலீஷ்காரன் இஞ்சைக் கட்டிக்கிட்டு அழுதான். சைக்கிள் தொழில் ரெண்டு நாட்டுலயும் தனித்தனியா வளர்ந்ததால, மரையும் ரெண்டு ஜாதியாப் போச்சு. நம்ம ஊருக்கு வந்தது இங்கிலீஷ் வழி. அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல பிரிட்டிஷ் கம்பெனியோட கூட்டுல ஆரம்பிச்சது. ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. எல்லாமே அந்த வம்சம். அண்ணாச்சி கை பழகினதும் அதுலதான். அவர் மேல தப்பே இல்லை.

வித்தியாசம் எவ்வளவுன்னு கேட்டா சிரிப்பீங்க. இன்னைக்குக் கடையில கிடைக்கிற பெடல் பெரும்பாலும் 9/16 இஞ்ச், அதாவது சுமார் 14.3 மி.மீ. பிரெஞ்சுப் பெடல் 14 மி.மீ. ஹேண்டில் பார் தண்டு நமக்கு 22.2, அவங்களுக்கு 22. பின் சக்கர ஃப்ரீவீல் மரை நமக்கு 34.8, அவங்களுக்கு 34.7. கண்ணால பார்த்தா ஒண்ணுதான். அதனாலதான் ஆபத்து. கொஞ்சம் ஏறும், அப்புறம் இறுகும். ஸ்பேனர்ல பைப்பை மாட்டி அழுத்தினா, இரும்பு ஃப்ரீவீல் அலுமினிய ஹப்போட மரையைச் சுரண்டி எடுத்துடும். அப்புறம் அசல் பார்ட்டே கிடைச்சாலும் அதுல நிக்காது.

இதைக் கண்டுபிடிக்க பெரிய மெஷின் வேண்டாம். பிளஸ் ஒன் ஃபிசிக்ஸ் லேப்ல, மார்க்குக்காக மட்டும் தொட்டீங்களே வெர்னியர் காலிப்பர், அது போதும். லீஸ்ட் கவுண்ட் 0.1 மி.மீ. தண்டுல இருக்கிற 0.2 வித்தியாசம் அதுல ரெண்டு கோடு! மரையோட நெருக்கத்தைப் பார்க்க லேத் பட்டறையில பிட்ச் கேஜ் இருக்கும். கேட்டா தருவாங்க.

அடுத்து கரகரங்கிற அச்சு. ரெண்டு கிராங்க்கையும் சேர்க்கிற அச்சு சுத்தற இடத்தை பி.பி.ன்னு சொல்வாங்க. அதுல செயின் பக்கம் இருக்கிற கப், இங்கிலீஷ் சைக்கிள்ல இடது மரை. கடிகாரம் சுத்தற பக்கம் திருப்பினாத்தான் கழலும். பிரெஞ்சுல பெரும்பாலும் சாதா மரை, எதிர்ப்பக்கம் திருப்பணும். பழக்க தோஷத்துல திருப்பினா, கழட்டறதா நினைச்சு இறுக்கிக்கிட்டே இருப்பீங்க! போதாக்குறைக்கு சுவிஸ் மரைன்னு ஒண்ணு. அளவு பிரெஞ்சு, திசை இங்கிலீஷ். சில பிரெஞ்சு சைக்கிள்லயும் அது உண்டு.

அதனால ஒரு யோசனை. அந்தக் கப் நல்லா இருந்தா கழட்டவே கழட்டாதீங்க. இடது பக்கத்தை மட்டும் திறந்து, மண்ணெண்ணெய்ல கழுவி, புதுக் குண்டு போட்டு, கிரீஸ் வச்சு மூடினாலே பாதி வியாதி போயிடும். குண்டு பெரும்பாலும் கால் இஞ்ச். எல்லாக் கடையிலயும் கிடைக்கும். மில்லிமீட்டர் மன்னர்களோட சைக்கிள்ல இஞ்ச் குண்டான்னு கேக்காதீங்க. செயின் கண்ணி இடைவெளியும் அவங்களுக்கு அரை இஞ்ச்தான்!

பெடல் வாங்கும்போது 'எல்', 'ஆர்' எழுத்தைத் தேடாதீங்க. பிரெஞ்சுப் பெடல்ல 'ஜி'ன்னா கோஷ், இடது. 'டி'ன்னா த்ருவாத், வலது.

டயர்லயும் ஒரு கூத்து. 650பி-ன்னு பிரெஞ்சுக்காரன் பேர் வச்சது, நம்ம கணக்குல 26 x 1½. நம்ம அப்பா காலத்து 28 x 1½ டயருக்கு அங்கே 700பி-ன்னு பேரு. ஆனா 26 x 1½-ம் 26 x 1.50-ம் ஒண்ணு இல்லை! முன்னது 584 மி.மீ. ரிம்முக்கு, பின்னது 559-க்கு. கணக்கு வாத்தியார் கேட்டா கண்ணீர் விடுவார். டயர் ஓரத்துல இருக்கிற மூணு இலக்க எண்ணை மட்டும் நம்புங்க. ரேஸ் மாடலா இருந்தா பெரும்பாலும் 700சி, 622. கியர் சைக்கிள் விக்கிற கடையில அந்த டயர் கிடைக்கும்.

சரி, கிடைக்காத பார்ட்டுக்கு என்ன பண்றது? இங்கே ஒரே ஒரு சட்டம்தான். எது திரும்பக் கிடைக்குமோ, அதை ராவு. எது கிடைக்காதோ, அதுல கை வைக்காதே. 22.2 தண்டை லேத்துல 22-க்குக் கடையலாம். ஃபோர்க்கைக் குடையக் கூடாது. பழைய பிரெஞ்சு கிராங்க்ல கோட்டர் பின் பெரும்பாலும் 9 மி.மீ. இங்கிலீஷ் பின் 9.5. பின்னை ராவலாம், கிராங்க்கை அல்ல. பி.பி. மரை போயே போச்சா? மரையே இல்லாம ரெண்டு பக்கமும் நெருக்கிப் பிடிக்கிற பி.பி. இருக்கு. வெளியூர்லருந்து வரவழைக்கணும், காசும் ஆகும். ஆனா ஃப்ரேம் தப்பிச்சுடும்.

சட்டம்னா விலக்கு வேணாமா? பெடல்தான் அது. கிராங்க்ல 9/16 டேப் விட்டு மரையைப் பெருசாக்கறது உலகம் முழுக்க நடக்கிற வழி. செய்யலாம். ஆனா ஒரு தடவை வெட்டினா வெட்டினதுதான். அதனால அசல் பெடலைத் தேடிப் பார்த்துட்டு, கடைசி வழியா வச்சுக்குங்க.

பிரெஞ்சுக் கம்பெனிகளே 1980-களில் மெல்ல இங்கிலீஷ் மரைக்கு மாறிடுச்சு. அந்தப் பழைய அளவுல புது ஃப்ரேம் இனிமே பெருசா வரப்போறதில்லை. இருக்கிறதுதான் மிச்சம். ஒவ்வொரு "லேசா ஒரு தட்டு"க்கும் அதுல ஒண்ணு குறையுது.

'எங்க வீட்ல ஏது பாஸ் பிரெஞ்சு சைக்கிள்?'னு கேக்கறீங்க. புரியுது. ஆனா தாத்தாவோட பழைய இங்கிலாந்து ராலே திண்ணையில துருப்பிடிச்சுக் கிடக்கலாம். அதுவும் லேசுப்பட்ட ஆள் இல்லை. மத்த இங்கிலீஷ் சைக்கிளுக்கு பி.பி.யில இஞ்சுக்கு 24 மரைன்னா, நாட்டிங்ஹாம் ராலே பலதுல 26! கடையில கிடைக்கிற கப் அதுலயும் சண்டை போடும்.

பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிட்டுப் போறதுக்கு முன்னாடி, ஒரு ஞாயித்துக்கிழமை வெர்னியரோட அண்ணாச்சி கடைக்குத் தள்ளிட்டுப் போங்க. கோட்டர் பின்னை வளைக்காம தட்டி எடுக்கற வித்தை அவர் கையில இருக்கு. மில்லிமீட்டர் கணக்கு உங்க கையில இருக்கு. அவருக்கு ஒரு டீ சொல்லிட்டு, பக்கத்துல குத்த வச்சு உக்காருங்க. ரெண்டும் சேர்ந்தா வண்டி ஓடும் மக்கா!