உழைச்செல்வான் எங்கே?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவி)

அரசு மருத்துவமனைக்குப் போய் வந்த எவரையும் கேட்டுப் பாருங்கள். "பார்த்த டாக்டர் யார்?" என்றால் பெயரைச் சொல்வார்கள். "ஊசி போட்டது யார்?" என்றால் "அந்த உயரமான நர்ஸம்மா" என்பார்கள். "மருந்து கொடுத்தது யார்?" என்று கேட்டால் சற்றே விழிப்பார்கள். கம்பிச் சன்னலுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது, மாத்திரை வந்தது. அவர்கள் கண்டது அவ்வளவுதான். அந்தக் கைக்கு உரியவரை நம் ஊர்களில் 'கம்பவுண்டர்' என்கிறோம். அவரே கடையில் இருந்தால் 'மெடிக்கல்காரர்' என்கிறோம். அவருக்கு 'மருந்தாளுநர்' என்றொரு பெயர் உண்டு, அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு படிப்பும் பதிவும் சட்டமும் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை எனக்கும் தெரியாது.

வள்ளுவப் பெருந்தகை அவரை மறக்கவில்லை. 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரத்தின் கடைசிக் குறளில் அவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு நில்லாமல், 'உழைச்செல்வான்' என்று நான்காமவனையும் சேர்க்கிறார். நோயாளியின் அருகிலிருந்து துணை செய்பவன் என்று சிலர் இதற்குப் பொருள் கூறுவர். மருந்தைப் பிழையில்லாமல் செய்து தருபவன் என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். இவ்விரண்டும் ஒரே மனிதரிடம் சேர வேண்டியவை என்றே என் சிற்றறிவுக்குத் தோன்றுகிறது. மருந்து பிழையில்லாததாக இருக்க வேண்டும். அதை அருகில் நின்று புரியவைத்துக் கொடுக்கவும் வேண்டும். இந்த இரண்டாவது கடமையைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரையை எழுத முனைந்தேன். அதற்கு என் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

என் தந்தை அரிசி மண்டியில் மூட்டை சுமப்பவர். நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது அவருக்கு வந்த இருமல் வாரக்கணக்கில் நிற்கவில்லை. சளியைச் சோதித்துவிட்டுக் காசநோய் என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகும், காசு எதுவும் வேண்டாம் என்றார்கள். எங்கள் வீட்டுக்கு அந்தச் சொல்லே பாதி மருந்தாக இருந்தது. சன்னலில் நின்று மாத்திரை அட்டைகளை வாங்கிவந்தார். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, காலையில் கொல்லைப்புறத்திலிருந்து முகம் வெளிறித் திரும்பினார். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்த அட்டைகள் சாமி படத்துக்குப் பின்னால் அப்படியே கிடந்தன. அம்மா கேட்டால் "சாப்பிட்டேன்" என்பார்.

இரண்டு வாரம் சென்றது. காய்ச்சல் மிகுந்து, அம்மா அவரைத் தாலுகா மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். பலகைகளைப் படித்துச் சொல்ல நானும் கூடப் போனேன். அங்கே மருந்துச் சன்னலில் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒருவர் இருந்தார். கையிலிருந்த அட்டைகளை வாங்கி, மீதி மாத்திரைகளை எண்ணினார்.

"இத்தனை மீதி இருக்கே. ஏம்ப்பா சாப்பிடலை? என்ன பயம்?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சன்னலோரம் குனிந்து, "மூத்திரம் ரத்தமாப் போவுதுங்க ஐயா" என்றார்.

அவர் சிரிக்கவில்லை. அவசரப்படவும் இல்லை. பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, அப்பாவைப் பெஞ்சில் உட்காரவைத்துத் தாமும் உட்கார்ந்தார்.

"அது ரத்தம் இல்லப்பா. மாத்திரையோட சாயம். எல்லாருக்கும் அப்படித்தான் போகும். பயப்படாமச் சாப்பிடு. வேற தொந்தரவு எதுனா இருந்தா நிறுத்தாதே, நேரா இங்க வந்து சொல்லு. பாப்பா, நீ படிக்கிற பிள்ளைதானே? அப்பா தினம் மாத்திரை போட்டதும் இந்தத் தாள்ல ஒரு கோடு போடு."

நான் கோடு போட்டேன். அப்பா முழுச் சிகிச்சையையும் முடித்தார். இன்றும் மூட்டை சுமக்கிறார். அந்தக் கூலியில்தான் நான் இக்கல்லூரியில் படிக்கிறேன்.

இங்கு வந்து வேதியியல் பயின்றபோதுதான் அந்தச் சாயத்தின் பெயரைத் தெரிந்துகொண்டேன். காசநோய்க்கு முதல் இரண்டு மாதங்கள் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்புட்டால் என்னும் நான்கு மருந்துகளைச் சேர்த்துத் தருகிறார்கள். இவற்றில் ரிஃபாம்பிசின் இயல்பிலேயே சிவந்த நிறமுடையது. சிறுநீர், வியர்வை, கண்ணீர்கூட அதனால் செம்மஞ்சளாக மாறும். அதனால் கேடில்லை. ஆனால் அதைக் கண்டு பயந்து மருந்தை நடுவில் நிறுத்தினால் கேடு உண்டு. நோய் மீண்டும் தலைதூக்கும். கிருமி அந்த மருந்துக்கே அடங்காததாக மாறவும் கூடும். அப்பாவுக்கு முதலில் மாத்திரை கொடுத்தவர் கெட்ட மனிதர் அல்லர். மருந்தைச் சரியாகத்தான் கொடுத்தார். ஒரு வாக்கியம் சொல்லாமல் விட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நாங்கள் இரண்டு வாரம் விலை கொடுத்தோம்.

நண்பர்களே, அதே மாத்திரையை அதே சன்னலில் ஒரு வழக்கறிஞர் வாங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும்? நிறம் மாறியதும் தெரிந்த டாக்டருக்குத் தொலைபேசியில் பேசியிருப்பார், அல்லது தாமே படித்துத் தெரிந்துகொண்டிருப்பார். என் தந்தைக்கு அந்த வழிகள் இல்லை. இருவருக்கும் கிடைத்தது ஒரே மாத்திரைதான். கிடைத்த மருத்துவம் ஒன்றல்ல. எல்லாருக்கும் ஒரே அளவு கொடுத்துவிட்டால் சமத்துவம் வந்துவிட்டது என்று எண்ணுகிறோம். படிக்கத் தெரியாதவருக்குக் கூடுதலாக இரண்டு வார்த்தை கொடுத்தால்தான் அந்த அளவே சமமாகும்.

இந்த உண்மைக்கு நம் சென்னை மாநகரமே சாட்சி. 1956-இல் அங்கு காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. சானடோரியத்தில் படுக்கவைத்துச் சிகிச்சை செய்வதையும், ஏழை நோயாளிகளை அவரவர் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுப்பதையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். வீட்டுச் சிகிச்சையும் அதே அளவு பலன் தருகிறது என்று 1959-இல் வெளியான முடிவு, உலகம் காசநோயை அணுகிய முறையையே மாற்றியது. அந்த ஆராய்ச்சியில் நோயாளி மருந்தை உண்மையிலேயே சாப்பிடுகிறாரா என்று அறிய, வீட்டுக்குச் சென்று மீதி மாத்திரைகளை எண்ணினார்கள்; சிறுநீரையும் சோதித்தார்கள். மருந்து வீட்டுக்கு வந்த நாளிலேயே அதைச் சாப்பிட வைக்கும் பொறுப்பும் பிறந்துவிட்டது. எங்கள் தாலுகா மருத்துவமனை மருந்தாளுநர் அட்டையை எண்ணிப் பார்த்தபோது செய்ததும் அதைத்தான்.

மருந்தை எல்லாருக்கும் கொண்டு சேர்க்கும் வேலையில் தமிழ்நாடு பின்தங்கவில்லை. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டு, மருந்துகளை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியே அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் ஏற்பாடு வந்தது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. 2025 பிப்ரவரியில் குறைந்த விலையில் மருந்து விற்க 1000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. இவையெல்லாம் பெருமைக்குரியவை. ஆனால் கிடங்கிலிருந்து சன்னல்வரை மருந்தைக் கொண்டுவர அரசால் முடியும். சன்னலிலிருந்து வயிற்றுவரை கொண்டுபோக ஒரு மனிதரின் பேச்சு வேண்டும்.

சட்டமும் இதைத்தான் எதிர்பார்க்கிறது. மருத்துவர் தம் நோயாளிக்குத் தாமே கொடுப்பது தவிர, மருந்துச் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் உரிமை பதிவுபெற்ற மருந்தாளுநருக்கே உண்டு என்பது 1948-ஆம் ஆண்டின் மருந்தாளுநர் சட்டம். நோயாளிக்கு மருந்தைப் பற்றி எடுத்துச் சொல்வதும் அவர் கடமை என்று 2015-இல் வந்த தொழில் நடைமுறை விதிகள் கூறுகின்றன. ஆனால் நாம் காண்பது என்ன? சில கடைகளில் மருந்தாளுநரின் சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்குகிறது. அவர் அங்கே இல்லை. மாதம் ஒரு தொகைக்குப் பெயரை வாடகைக்கு விட்டுவிட்டு வேறெங்கோ இருக்கிறார். பத்தாம் வகுப்பு முடித்த பையன் மருந்து எடுத்துக் கொடுக்கிறான். வீட்டை வாடகைக்கு விடலாம். கற்ற கல்வியை வாடகைக்கு விடலாமா?

எங்கள் தெருவில் ஒரு பாட்டிக்குச் சர்க்கரை நோய். அரசு மருத்துவமனையில் கிளிமிபிரைடு மாத்திரை வாங்கினார். மகன் அழைத்துச் சென்ற தனியார் டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் கடையிலும் வாங்கினார். அட்டையின் நிறம் வேறு, பெயர் வேறு. உள்ளே இருந்தது அதே கிளிமிபிரைடுதான். இரண்டையும் விழுங்கிவிட்டுப் பஸ் நிறுத்தத்தில் மயங்கி விழுந்தார். "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், காட்டுங்கள் பாட்டி" என்று கடையில் ஒருவர் கேட்டிருந்தால் போதும். வணிகப் பெயருக்கு உள்ளே இருக்கும் மருந்துப் பெயரைக் கண்டுபிடிப்பது மருந்தாளுநரின் கல்வி. அதைப் பாட்டிக்காகப் பயன்படுத்துவது அவருடைய அறம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். "வரிசையில் முந்நூறு பேர் நிற்கிறார்கள், சன்னலில் இருப்பவர் ஒருவர். ஒவ்வொருவரிடமும் எப்படிப் பேசுவது?" உண்மைதான். வேலைப்பளுவில் நசுங்குபவரைக் கடிந்துகொள்வது எளிது, அது நேர்மையாகாது. ஒருவர் செய்யும் வேலைக்கு இருவரை நியமிக்க வேண்டும் என்று நாம்தான் குரல் கொடுக்க வேண்டும். ஆயினும் முந்நூறு பேருக்கும் விரிவுரை தேவையில்லை. புதிதாக ஒரு மாத்திரை தொடங்குபவர், எழுத்தறியாத முதியவர், ஆறு மாத மருந்துக்காரர் ஆகிய சிலரைக் கண்டுகொண்டால் போதும். உறையின்மேல் காலைக்கு ஒரு சூரியனும் இரவுக்கு ஒரு நிலாவும் வரைய அரை நிமிடம் ஆகாது. "எப்படிச் சாப்பிடுவீங்க, ஒரு தடவை சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டால், புரிந்ததா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

நம் கடமையும் ஒன்று உண்டு. இக்கல்லூரியில் என்னைப் போல் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள் பலர். நம் வீட்டில், தெருவில், மாத்திரை அட்டையை நம்மிடம் நீட்டாத முதியவர் உண்டா? நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மரம் நடுகிறோம், சாலையைக் கூட்டுகிறோம், நல்லதே. அதோடு ஒரு நாள் வீடு வீடாகச் சென்று, மாத்திரை உறைகளில் மருந்தாளுநர் சொன்னபடி சூரியனும் நிலாவும் வரைந்து கொடுத்தால் என்ன? நாம் மருத்துவம் சொல்ல வேண்டாம், சொல்லவும் கூடாது. எழுதியிருப்பதைப் படித்துக் காட்டி, ஐயம் இருந்தால் மருந்தாளுநரிடம் அழைத்துச் செல்வோம். பேராசிரியப் பெருமக்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

பட்டம் பெற்றபின் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்பவர்களுக்கு, மருந்தாளுநர் படிப்பில் சேரப் போகிறேன் என்று சொல்கிறேன். "பி.எஸ்ஸி. முடித்துவிட்டுக் கம்பவுண்டர் வேலைக்கா?" என்று சிலர் சிரிக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தச் சன்னலின் பக்கத்துக் கதவு திறந்து ஒருவர் வெளியே வந்ததை அவர்கள் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். கோடு போட்ட அந்தத் தாளை அம்மா இன்னும் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.