நடக்கக் கூடாத வீதியும் நடக்க மறந்த வெளிகளும்

வசாவிளானுக்கும் பலாலிக்கும் இடையிலான வீதி 2025 ஏப்ரல் 10ஆம் திகதி, முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர், பொதுமக்களின் பாவனைக்குத் திறந்துவிடப்பட்டது. சித்திரைப் புத்தாண்டுக்கு நான்கு நாட்களே இருந்தன. புத்தாண்டுப் பரிசு என்று கொண்டாடியவர்களும் உண்டு. செய்தியின் அடியில் நிபந்தனைகள் சில இருந்தன. காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே பயணிக்கலாம். இடையில் வாகனத்தை நிறுத்தக் கூடாது, திருப்பக் கூடாது. படம் பிடிக்கக் கூடாது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்துக்கு மேற்படக் கூடாது. இவற்றோடு இன்னொன்று: நடந்து செல்லக் கூடாது.

நாற்பது ஆண்டுகள் பத்திரிகை மேசையில் இருந்தவன் நான். தடைகளைப் பற்றிய செய்திகளைத் திருத்தித் திருத்திக் கை சலித்தவன். எரிபொருளுக்குத் தடை, மின்கலத்துக்குத் தடை, சவர்க்காரத்துக்குத் தடை என்றெல்லாம் தலைப்பிட்டிருக்கிறேன். ஆயினும் யுத்தம் முடிந்து பதினாறாவது ஆண்டில், 'திறக்கப்பட்ட' ஒரு வீதியில் மனிதன் தன் கால்களால் நடப்பதற்குத் தடை என்ற வாசகத்தை வாசித்தபோது, சற்று நேரம் அதைத் தாண்டி வாசிக்க முடியவில்லை. அதன் பின்னர் நிபந்தனைகள் எவ்வளவு தளர்ந்தாலும் சரி. அப்படியொரு விதி எழுதப்பட்டது என்பதும், அதை வாசித்துவிட்டு நாம் பேசாமல் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனோம் என்பதுமே என் முறைப்பாடு.

'வாகனத்தில்தான் போகலாமே, இந்த வெயிலில் நடந்துதான் என்ன காணப் போகிறீர்?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். விடையும் எளிதானது. நாற்பது கிலோமீற்றர் வேகத்தில், நிறுத்தாமல், திரும்பாமல் போகிறவனுக்கு முட்கம்பிதான் தெரியும். முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பற்றை மூடிய நிலத்தில் தன் வளவு எது என்று அறிய வேண்டுமானால் அவன் நிற்க வேண்டும். தூர்ந்த கிணற்றின் கட்டைத் தேட வேண்டும். எல்லையில் நின்ற பனை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'இது உங்கள் கொப்பாட்டனின் தோட்டம்' என்று பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். இவை யாவும் கால் நிலத்தில் பட்டு நடப்பவனால் மட்டுமே செய்யக்கூடிய காரியங்கள். நடையைத் தடுத்தவர்கள் இதை நம்மைவிட நன்றாகவே அறிந்திருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

பாதுகாப்புக் காரணம் என்பார்கள். அதையும் சற்று எண்ணிப் பார்ப்போம். ஆண்டுதோறும் தொண்டைமானாறு செல்வச் சந்நிதியிலிருந்து வேலைத் தாங்கிய ஒரு கூட்டம் கதிர்காமத்துக்கு நடக்கிறது. வடக்கையும் கிழக்கையும் கால்நடையாகக் கடந்து, உகந்தையில் காட்டுப் பாதைக்குள் நுழைந்து, குமன, யால தேசியப் பூங்காக்களினூடாகச் செல்கிறது. யானையும் கரடியும் சிறுத்தையும் உலாவும் காட்டை அரசாங்கம் நடப்பவர்களுக்காகக் குறித்த நாட்களில் திறந்துவிடுகிறது. சிறுவரும் முதியவரும் ஆயிரக்கணக்கில் நடக்கிறார்கள். சிறுத்தை உலாவும் காட்டில் நடக்கலாம், வசாவிளானில் நடக்கக் கூடாது என்றால், ஆபத்து என்று சொல்லப்படுவது நடப்பவனுக்கா, அவன் காணக் கூடாததைக் காத்து நிற்பவனுக்கா?

ஆனால், இராணுவத்தை மட்டும் குறை கூறிவிட்டு முடித்துக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. அது எளிது, அதற்குப் பலர் இருக்கிறார்கள். யாரும் தடுக்காத இடங்களில் நாம் நடக்கிறோமா என்பதே என் அடுத்த கேள்வி.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையில்லை, ஆறில்லை. ஆனால் வெளிகள் இருக்கின்றன. வல்லை வெளி, வாதரவத்தை வெளி, செம்மணி வெளி, அராலி வெளி; தீவகத்தின் தரவைகள்; மணற்காட்டின் மணல் மேடுகள்; கிழக்கே சுண்டிக்குளம். மாரியில் நீர் தேங்கி, தையில் பச்சையாகி, பங்குனியில் ஓரமெல்லாம் உப்புப் பூத்து, உமரி சிவக்கத் தொடங்கும் நிலங்கள் இவை. வயலுமல்ல, ஊருமல்ல, ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆட்காட்டிக்கும் வலசைப் பறவைக்கும் பொதுவானவை. ஊருக்கும் ஊருக்கும் இடையில் மனிதனுக்கு மூச்சுவிட இயற்கை ஒதுக்கி வைத்த இடங்கள்.

1960களின் நடுப்பகுதியில், பங்குனித் திங்களில், எங்கள் அப்பாச்சியோடு புத்தூரிலிருந்து மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலுக்குப் போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பானையும் அரிசியும் விறகும் வண்டிலில் போகும். முழங்கால் நோகிற கிழவிகளும் வண்டிலில் போவார்கள். மற்ற எல்லோரும் நடை. விடிய முன்னரே புறப்பட்டு, வாதரவத்தை வெளியில் கால் வைக்கும்போது கிழக்கு வெளுக்கும். முப்பது நாற்பது பேர். முன்னே போகிறவர்களின் பேச்சு பின்னே வருகிறவர்களுக்குக் காற்றில் கேட்கும். எந்த இடத்தில் சேறு, எந்த இடத்தில் நல்ல தண்ணீர், எந்தப் புட்டியில் யாருடைய மாடு பட்டியடைத்தது என்று அப்பாச்சி சொல்லிக்கொண்டே வருவா. அதை அன்று யாரும் சுற்றுச்சூழல் கல்வி என்று சொல்லவில்லை. பொங்கிப் படைத்து, மட்டுவில் கத்தரிக்காய்க் கறியோடு உண்டு, வெயில் தாழத் திரும்பி நடந்தோம். நான் என் நிலத்தைக் கற்ற பள்ளிக்கூடம் அதுதான்.

அதன் பின்னர் வெளி என்ற சொல்லின் பொருளே எமக்கு மாறிப்போயிற்று. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்தின் இலட்சக்கணக்கான மக்கள் மழைக்குள் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். செம்மணி வெளியும் நாவற்குழிப் பாலமும் மனிதத் தலைகளால் நிறைந்திருந்தன. இந்த மண் கண்ட மிகப் பெரிய கூட்டு நடை அதுதான். விரும்பி நடந்தவர் எவருமில்லை. அடுத்த ஆண்டு, 1996 செப்ரெம்பரில், அதே செம்மணிச் சோதனைச் சாவடியில் கிருஷாந்தி குமாரசுவாமி என்ற பாடசாலை மாணவி மறிக்கப்பட்டாள், திரும்பி வரவில்லை. அந்த வழக்கின் குற்றவாளி ஒருவர் 1998இல் நீதிமன்றத்தில் கூறியதை அடுத்து, 1999இல் அங்கே பதினைந்து எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. 2025இல் அதே பகுதியில், சித்துப்பாத்தி மயானத்தில், இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. வெளியைக் கண்டால் கால் பின்வாங்குகிற ஒரு தலைமுறை உருவானதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா? அவர்களை நான் குறை கூறவில்லை. அச்சத்தைப் பிள்ளைகளுக்கும் முதுசமாக எழுதிக் கொடுக்க வேண்டுமா என்றுதான் கேட்கிறேன்.

ஏனென்றால், நடப்பார் இல்லாத வெளி வெறுமனே கிடப்பதில்லை. அதை யாரோ எடுத்துக்கொள்கிறார்கள். வல்லைப் பக்கம் போய்ப் பாருங்கள். வீதியோரம் கோழிக்கடைக் கழிவு பைபையாகக் கிடக்கிறது. வேறொரு வெளியில் உழவு இயந்திரம் இரவில் மணல் அள்ளுகிறது. இன்னொன்றில் நேற்றில்லாத வேலி இன்று நிற்கிறது. கேட்டால் 'அது சும்மா கிடந்த காணிதானே' என்பார்கள். சும்மா கிடந்தது என்பதன் பொருள், நீங்களும் நானும் அங்கே போகவில்லை என்பதே. குப்பை கொட்டுகிறவன் இராணுவத்தான் அல்லன், நம் ஊரான். பகலில் நாற்பது பேர் நடந்து போகிற பாதையில் அவன் கொட்டமாட்டான்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், மரமற்ற மேட்டு வெளிகள் உண்டு. மூர் என்பார்கள். ஒருகாலத்தில் ஊருக்குப் பொதுவாக இருந்தவற்றில் பல, பிரபுக்கள் பறவை வேட்டையாடுவதற்காக வேலியடைக்கப்பட்டன. பக்கத்து மான்செஸ்ரர் நகரின் ஆலைத் தொழிலாளருக்கு ஞாயிறு ஒருநாள்தான் விடுமுறை; கண்ணெதிரே வெளி, கால் வைக்க உரிமையில்லை. 1932 ஏப்ரல் 24ஆம் திகதி, அவர்களது இளவேனிலில், நானூறு பேரளவில் கூட்டமாக ஏறி, கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டு வெளியில் நடந்தார்கள். முன்னின்றவர் பென்னி ரொத்மன் என்ற இருபது வயது இளைஞர். காவலாளிகளோடு கைகலப்பு, ஐவருக்குச் சிறை. நடந்ததற்காகச் சிறையா என்று நாடு கொதித்தது. சில வாரங்களில் அயலிலுள்ள கணவாய் ஒன்றில் பத்தாயிரம் பேர் கூடினர். 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த வெளிகளில் கால்நடையாக உலாவும் உரிமையை எழுத்தில் தந்தது. அறுபத்தெட்டு ஆண்டுகள் பிடித்தன. எவரும் வெள்ளித் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. நடந்து நடந்து பெற்றார்கள்.

நமக்கும் நடை புதிதல்ல. 1956இல் தமிழரசுக் கட்சியின் அழைப்பில் ஊரூராகத் திருகோணமலைக்கு யாத்திரை போனவர்களின் பிள்ளைகள் நாம். 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடையும் வாகனமுமாக வந்தவர்களும் நாமே. ஒரு கோரிக்கைக்காக நடக்கத் தெரிந்த நமக்கு, கோரிக்கை எதுவுமில்லாத நாளில் நம் நிலத்தில் நடக்கத் தெரியவில்லை. காலையில் விளையாட்டரங்கைப் பத்துச் சுற்றுச் சுற்றுகிறோம், வைத்தியர் சொன்னார் என்று. கதிர்காமம் போகிறவர்களுக்குச் சந்நிதியில் மாலை போட்டு, கைத்தொலைபேசியில் படமெடுத்து அனுப்பிவிட்டு, முச்சக்கரவண்டியில் வீடு திரும்புகிறோம். புலம்பெயர்ந்த உறவுகள் விடுமுறைக்கு வந்து ட்ரோனைப் பறக்கவிட்டு வல்லை வெளியை வானத்திலிருந்து காட்டுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. அதில் ஒரு மனிதரும் இல்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை.

என் வேண்டுகோள் சிறியது. வருகிற பங்குனியிலோ சித்திரை முற்பகுதியிலோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு அருகிலுள்ள வெளியைக் கூட்டமாக நடந்து கடப்போம். விடியலில் புறப்பட்டால் ஒன்பது மணிக்குள் முடித்துவிடலாம். கொடி வேண்டாம், பதாகை வேண்டாம், பிரதம விருந்தினர் வேண்டவே வேண்டாம். வழி தெரிந்த முதியவர் ஒருவரும் வழி தெரியாத பிள்ளைகள் பத்துப் பேரும் கட்டாயம் வேண்டும். பழகிய பாதைகளிலேயே நடக்க வேண்டும். கண்ணிவெடி முற்றாக அகற்றப்படாத முகமாலை போன்ற பகுதிகளை நினைத்துப் பார்க்கவும் கூடாது. தண்ணீரைப் போத்தலில் கொண்டு போய், போத்தலைத் திருப்பிக் கொண்டு வர வேண்டும். பறவையின் பெயர் தெரிந்தவர் சொல்லட்டும். ஊரின் பெயர்க் காரணம் தெரிந்தவர் சொல்லட்டும். செம்மணியைக் கடக்கும்போது ஒன்றும் சொல்லாமல் நடக்கட்டும்.

'இதனால் என்ன மாறும்?' என்று மறுபடியும் அந்த நண்பர் கேட்பார். காணி விடுபடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பலாலியில் இன்னும் வேலிக்குள் இருக்கும் நிலம் ஒருநாள் திறக்கும்போது, எது யாருடையது, எந்தப் பாதை எங்கே போகிறது என்று சொல்ல ஆள் வேண்டும். அப்பாச்சிமார் போய்விட்டார்கள். அவர்களோடு நடந்த எங்களுக்கும் எழுபது கடந்துவிட்டது. எங்கள் முழங்கால்கள் இன்னும் ஐந்தாறு பங்குனிக்குத்தான் தாங்கும். அதற்குள் வாருங்கள்.